ரிமோட்டில் இரண்டாவது முழுநேர வேலையா? சிங்கப்பூரில் கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியவை

வீட்டிலிருந்து வேலை, அதுவும் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, மேலாளர் வேறு நாட்டில் இருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் இன்னொரு முழுநேர வேலையையும் எடுத்துக்கொண்டால் என்ன என்று நம்மில் பலருக்கும் தோன்றியிருக்கும். வீட்டுக் கடன், ஊரில் அப்பா அம்மாவுக்கு மருத்துவச் செலவு, எந்த மாதம் ஆட்குறைப்பு வருமோ என்ற பயம், எல்லாமே நிஜம்தான், அதைப் பேராசை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டாவது வேலை பார்ப்பது வேறு, அதை ஒளித்துவைப்பது வேறு. முதலாவதை நேர்மையாகச் செய்வது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வெளிநாட்டவர் என்றால், கையில் என்ன பாஸ் (வேலை அனுமதிச் சீட்டு) இருக்கிறது என்று பாருங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட், எதுவானாலும் அது குறிப்பிட்ட ஒரு முதலாளியிடம் வேலை செய்யக் கொடுத்த அனுமதி. அனுமதி இல்லாமல் இன்னொரு இடத்தில் வேலை செய்தால் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேலை கொடுத்தவர் மீதும் வழக்கு வரும். "சென்னைக் கம்பெனிதானே, சம்பளம் இந்தியக் கணக்குக்குத்தானே வருகிறது" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள், ஆனால் உட்கார்ந்து வேலை செய்வது சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில். மனிதவள அமைச்சிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் அதில் இறங்காதீர்கள். பாஸ் ரத்தானால் போவது வேலை மட்டுமல்ல, அதை நம்பி இருக்கும் மனைவி மக்களின் டிபெண்டன்ட் பாஸும் கூடவே போகும். பாஸில் இருப்பவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: வேண்டாம்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இரண்டு வேலை பார்க்கக் கூடாது என்று இங்கே பொதுச் சட்டம் எதுவும் இல்லை. அரசு ஊழியர் என்றால் முன் அனுமதி வேண்டும், மற்றவர்களுக்கு எல்லாம் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் தரும் முக்கிய வேலை விதிமுறைகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், வெளிவேலை பற்றிய விதி பெரும்பாலும் முழு ஒப்பந்தத்திலோ ஊழியர் கையேட்டிலோ இருக்கும். "முழு நேரத்தையும் கவனத்தையும்", "முன் அனுமதியின்றி", "நலன் முரண்பாடு" என்ற பொருளில் வரும் வரிகளைத் தேடுங்கள். அப்புறம் பலரும் படிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விதி உண்டு: வேலைக் காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்பது. இரண்டு நிறுவனங்களிடமும் இதே வரியில் கையெழுத்துப் போட்டிருந்தால், செவ்வாய்க்கிழமை மாலை நீங்கள் எழுதிய மென்பொருள் கோடு யாருடையது? இருவரும் உரிமை கேட்கலாம். உங்கள் சம்பளப் பிரச்சினையாகத் தொடங்கியது, எதுவும் அறியாத இரண்டு நிறுவனங்களின் சொத்துப் பிரச்சினையாகிவிடும். ஒப்பந்தத்தில் ஒன்றுமே எழுதவில்லை என்றாலும், ஊழியர் முதலாளிக்கு விசுவாசமாக நடக்க வேண்டும் என்ற கடமை அதில் அடங்கியிருப்பதாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன.

சரி, இனி மனசாட்சிக்கு வருவோம். "நான் விற்பது நேரத்தை அல்ல, முடித்த வேலையை" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. "என் வேலை நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, மீதி நேரத்தில் வேறு வேலை பார்க்கிறேன்" என்று மேலாளரிடம் உங்களால் சொல்ல முடியுமா? சொல்ல முடியும் என்றால் வாதம் நிற்கிறது. சொன்னால் வேலை போய்விடும் என்று தோன்றினால், அவர் எதற்குக் காசு கொடுப்பதாக நினைக்கிறார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது, அவருடைய அறியாமையை வைத்துத்தான் இரண்டாவது சம்பளம் வருகிறது. இயக்குநர்கள் நாலைந்து நிறுவனங்களில் பதவி வகிக்கவில்லையா என்பார்கள். வகிக்கிறார்கள், ஆனால் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் அவர்களுடைய மற்றப் பதவிகள் ஆண்டறிக்கையிலேயே அச்சாகி வருகின்றன.

முதலாளியைக் கூட விடுங்கள். எனக்கு உண்மையில் கோபம் வருவது கூட வேலை செய்பவர்களை நினைத்துத்தான். ஒரே நேரத்தில் இரண்டு மீட்டிங் வந்தால் ஒன்றில் நீங்கள் பெயருக்குத்தான் இருப்பீர்கள், உங்கள் பதிலுக்காகப் புதிதாகச் சேர்ந்த பெண் மாலை வரை காத்திருப்பாள், இரவு சிஸ்டம் விழுந்தால் உங்கள் பங்கையும் சேர்த்து வேறொருவர் விழித்திருந்து பார்ப்பார். அவருக்கு யாரும் இரண்டாவது சம்பளம் தருவதில்லை. ஒரு வேலைக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டுவிட்டு இன்னொன்றில் உட்காருவதைப் பற்றி வாதமே தேவையில்லை, அது பொய்.

ஆகவே கேளுங்கள், அதுவும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போதும். எந்த நிறுவனம், என்ன துறை, வாரத்தில் எந்தெந்த மணி நேரம், இங்குள்ள வாடிக்கையாளர்களோடு அதற்குத் தொடர்பு உண்டா என்று தெளிவாகச் சொல்லுங்கள். அலுவலக மடிக்கணினியையோ கணக்குகளையோ அதற்குத் தொடமாட்டேன், மூன்று மாதம் கழித்து மறுபடி பேசலாம், வேலை பாதித்தால் நிறுத்திவிடுகிறேன் என்றும் எழுதுங்கள். கோப்பிக்கடையில் "பரவாயில்லை, பாத்துக்கலாம்" என்று மேலாளர் சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் அடுத்த மாதமே வேலை மாறிப் போய்விடலாம். 2022 செப்டம்பரில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை விப்ரோ நீக்கியதாகச் செய்தி வந்தது. அதற்கு அடுத்த மாதமே, முன் அனுமதி வாங்கி, நலன் முரண்பாடு இல்லாத வெளிவேலை செய்யலாம் என்று இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்குச் சொன்னது. அது இந்திய நிலவரம்தான், ஆனாலும் கேட்டால் கதவு மூடிவிடும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள்.

மறுத்துவிட்டால் இன்னொரு வழி பார்க்கலாம். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகள் பற்றி அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் என்ற முத்தரப்பும் சேர்ந்து தந்த வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடிந்தவர்கள் முறைப்படி எழுதிக் கேட்டால் நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் முழுநேரத்தைப் பகுதிநேரமாகக் குறைக்கவும் கேட்கலாம். சம்பளம் குறையும். ஆனால் மீதி நேரம் யாருக்கும் கடன்படாமல் உங்களுடையது. இரண்டு முழுநேர வேலை என்றால் வாரத்துக்கு எண்பது மணி நேரத்துக்கு மேல் போகும், அதை நேர்மையாக, இரு பக்கமும் குறை வைக்காமல் ஆண்டு முழுக்கச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை.

பண விஷயத்தில் ஒளிவு மறைவே கூடாது. இரண்டு முதலாளிகளும் தனித்தனியே மத்திய சேமநிதி (மசேநி) செலுத்த வேண்டும், இரண்டு வருமானத்துக்கும் வரி உண்டு. ஒரு நிறுவனம் கட்டுவது மற்றதன் கண்ணில் படாது, ஆனால் வீட்டுக் கடனுக்கோ அடுத்த வேலைக்கோ மசேநி வரலாற்றைக் கேட்டால் இரண்டு பெயரும் அதில் நிற்கும். "உங்களை ஃப்ரீலான்சராகக் காட்டிவிடுகிறோம், மசேநி வேண்டாம்" என்று இரண்டாவது இடத்தில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊழியராக வேலை வாங்கிக்கொண்டு மசேநி கட்டாமல் விடுவது சட்டப்படி குற்றம்.

ஏற்கெனவே இரண்டில் இருப்பவர்கள் பதறிப்போய் நாளைக்கே ஒன்றை உதறிவிட வேண்டாம். போட்டி நிறுவனமோ இரண்டு இடத்துக்கும் பொதுவான வாடிக்கையாளரோ இருந்தால், பாஸ் சிக்கல் இருந்தால், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் எதை விடுவது என்று முடிவு செய்து ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுங்கள். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் இல்லாவிட்டால் வேலைச் சட்டப்படி 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்கு ஒரு நாள், அதற்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஒரு வாரம், ஐந்து ஆண்டுக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். கோப்பு, மென்பொருள் கோடு, தொடர்பு எண் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பாதியில் நிற்கும் வேலைகளை எல்லாம் எழுதி, உங்கள் இடத்துக்கு வருபவருக்குப் புரிகிற மாதிரி ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.