ஹாண்டில் உதறுதா? நட்டை இறுக்க முன்னம் இதுகளை பாருங்க

ஹாண்டில் உதறுது எண்டு பைக்கை கராஜுக்கு கொண்டு போனா கன இடத்தில நடக்கிறது ஒண்டுதான், பாஸ் ஸ்பானரை எடுத்து ஹாண்டில் தண்டு நட்டை நல்லா ஒரு இறுக்கு இறுக்கி, ஒழுங்கை முடக்கு வரைக்கும் ஓடிப் பாத்திட்டு "இப்ப சரி, கொண்டு போங்க" எண்டு தந்திடுவார். ரெண்டு மூண்டு நாளைக்கு சரி மாதிரித்தான் இருக்கும், பிறகு பைக் வேற விதமா ஆடத் தொடங்கும். உதறலுக்கு ஏழெட்டு காரணம் இருக்கு, அதில முக்கால்வாசி வீட்டு முத்தத்தில வச்சு காசில்லாம பாக்கக்கூடியது, அதை ஆரும் பாக்காம நேர நட்டில கை வைக்கிறதுதான் எனக்கு தாங்க ஏலாத விசயம். 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து திருகோணமலையில ஓடுற பைக் எல்லாம் நல்லா வயசு போனதுகள், இப்ப திரும்ப வரத் தொடங்கினாலும் விலைக்கு ஆர் கிட்டப் போறது, அதால இருக்கிறதை ஒழுங்கா வச்சிருக்கத்தான் வேணும்.

முதல் பிழை, எப்ப உதறுது எண்டு கவனிக்காம "உதறுது" எண்டு மட்டும் சொல்றது. 70ல போய் அக்சிலேட்டரை விட்டு வேகம் குறையேக்க, 60க்கும் 50க்கும் இடையில ஹாண்டில் சின்னதா வேகமா உதறினா அனேகமா முன் ரயர், இல்லாட்டி ஹாண்டில் தண்டு போல்ஸ் (தண்டு லேசா திரும்ப உள்ளுக்கு இருக்கிற சின்ன இரும்பு குண்டுகள்). பிரேக் பிடிக்கேக்க மட்டும் நடுங்கினா டிஸ்க்கோ ட்ரம்மோ கோணியிருக்கும், அதோட "டொக்" எண்டு ஒரு சத்தமும் வந்தா தண்டு லூஸ். வேகம் கூடக் கூட ஹாண்டில் உதறாம முழு பைக்குமே மெதுவா இடம் வலமா அலைஞ்சா பின்பக்கத்தை பாருங்க, அல்லது ஆரோ தண்டை மிச்சம் இறுக்கி வச்சிருக்கிறாங்க. இன்னொண்டு, கச்சான் காத்து அடிக்கிற காலத்தில கிண்ணியா பாலத்தில போகேக்க பைக் ஒரு பக்கமா தள்ளுப்படுறதை உதறல் எண்டு நினைச்சு கராஜுக்கு வாற ஆக்களும் இருக்கிறாங்க, அது காத்து. காத்தில்லாத நேரம் அதே ரோட்டில ஒருக்கா ஓடிப் பாத்தா விளங்கிடும்.

ரயரைத்தான் முதல்ல பாக்கணும், ஆனா கடைசியாத்தான் பாக்கிறாங்க. பெருவிரலால அமத்திப் பாத்து "காத்து இருக்கு" எண்டு சொல்றதில ஒண்டும் விளங்காது, 18 பிஎஸ்ஐக்கும் 25க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது, கேஜ் வச்சு காலையில ரயர் குளிரா இருக்கேக்க பாருங்க, எவ்வளவு இருக்கணும் எண்டு உங்கட பைக்கில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில அல்லது மனுவலில இருக்கும். பிறகு முன் சில்லை தூக்கி மெல்ல சுத்த விட்டு ரயர் ரிம்மோட சேர்ற இடத்தை பாருங்க. ரயர் பக்கத்தில சுத்திவர ஒரு மெல்லிய கோடு வரும், அது ரிம்மில இருந்து எல்லா இடத்திலயும் ஒரே தூரத்தில நிக்கணும். ஒரு இடத்தில கோடு ரிம்முக்குள்ள தாழ்ந்து மறைஞ்சா ரயர் சரியா உக்காரேல்ல, பங்சர் ஒட்டின பிறகு உதறல் தொடங்கின பைக்கில நான் முதல்ல பாக்கிறது இந்தக் கோட்டைத்தான். காத்தை இறக்கி, சவக்கார தண்ணி பூசி, திரும்ப அடிச்சா அனேகமா உக்காந்திடும். ரயரில இருக்கிற அம்புக்குறி சில்லு சுத்துற பக்கம்தான் இருக்கா எண்டும் அப்பிடியே பாத்திடுங்க. ரிம் கோணலா எண்டு பாக்க போர்க்கில, அதாவது முன் சில்லை ரெண்டு பக்கமும் பிடிக்கிற குழாயில, ஒரு ஈர்க்கை கட்டி, ரிம் விளிம்பில முட்டுதோ முட்டேல்லையோ எண்டு வச்சு சுத்துங்க, இடைவெளி 2 மில்லிமீற்றருக்கு மேல கூடிக் குறைஞ்சா ரிம் கோணலை எடுக்கணும், கம்பி சில்லு எண்டா கம்பிகளையும் ஒவ்வொண்டா தட்டிப் பாருங்க, லூசானது செத்த சத்தம் போடும். சில்லை சுத்த விட்டு சோக்கால அடிப்பக்கம் ஒரு அடையாளம் போடுங்க, ஒவ்வொரு தரமும் அதே இடம் கீழ வந்து நிண்டா பலன்ஸ் பிழை. ரயர் பக்கத்தில கடைசி நாலு இலக்கத்தையும் வாசியுங்க, 2319 எண்டா 2019ம் ஆண்டு 23வது கிழமை செஞ்சது. பூ (ரயரில ரோட்டை பிடிக்கிற வெட்டு) இருக்குதே எண்டு நிலாவெளி வெயிலில காஞ்சு வெடிச்ச ரயரில ஓடாதீங்க.

இனி அந்த நட்டு. ஹாண்டில் தண்டுக்கு மேலயும் கீழயும் ஒவ்வொரு வரிசை போல்ஸ் கிண்ணத்துக்குள்ள இருக்கும், எல்லாம் சேத்து ரேசர் செட் எண்டு கடையில கேட்டா தருவாங்க. இது லூசா எண்டு பாக்க பைக்கை மெயின் ஸ்டாண்டில விட்டு, பின்னுக்கு ஒராளை இருத்தி முன் சில்லை நிலத்தில இருந்து எடுத்திட்டு, போர்க் ரெண்டையும் கீழ் நுனியில பிடிச்சு முன்னுக்கு பின்னுக்கு இழுங்க, மற்ற ஆளின்ர விரல் தண்டும் பிரேமும் சேர்ற இடத்தில இருக்கட்டும், ஆட்டம் இருந்தா விரலுக்கு அடிக்கும். அடுத்தது ஹாண்டிலை ஒரு விரலால மெதுவா ஒரு கரையில இருந்து மற்ற கரைக்கு திருப்புங்க. நடுவில, நேரா போற இடத்தில ஒரு பள்ளத்தில விழுந்து நிக்கிற மாதிரி "க்ளிக்" எண்டு பிடிச்சா கதை முடிஞ்சுது, அதை இறுக்கி சரிக்கட்ட ஏலாது. கழட்டினா தெரியும், கிண்ணத்துக்குள்ள ஒவ்வொரு போல்ஸும் குத்தி நிண்ட இடத்தில சின்னச் சின்ன குழி வரிசையா மினுங்கிக்கொண்டிருக்கும், கிறீஸ் எல்லாம் கறள் கலந்து செம்மண் நிறத்தில காஞ்சு போயிருக்கும். கடல் காத்தும் மாரி வெள்ளமும் செய்யிற வேலை அது.

இந்த நிலமையில நட்டை இறுக்கினா போல்ஸ் அந்தக் குழியிலயே இன்னும் ஆழமா குந்தும். பைக் நேரா போறதே ஹாண்டில் தன்ர பாட்டில சின்னச் சின்னதா திரும்பி சரிக்கட்டுறதாலதான், அதை பிடிச்சு வச்சா பைக் நேரா போகாது, அலையும். மாத்தேக்க இன்னும் மூண்டு பிழை விடுறாங்க. பழைய கிண்ணத்தில புது போல்ஸ் போடுறது, கிண்ணத்தை ஒரு பக்கத்தில மட்டும் சுத்தியலால அடிச்சு கோணலா இறக்கிறது, மேலயும் கீழயும் போல்ஸ் எண்ணிக்கை எத்தினை எண்டு பாக்காம போடுறது, சில பைக்கில ரெண்டும் ஒண்டில்ல. செற்றாத்தான் மாத்தணும். இறுக்கேக்க மேல் தட்டில போர்க்கை பிடிக்கிற போல்ட்டுகளை முதல்ல லூசாக்கிட்டு, ஆட்டம் போற அளவுக்கு மட்டும் இறுக்குங்க, சில்லு தூக்கி இருக்கேக்க ஹாண்டிலை நடுவில வச்சு லேசா தட்டினா அது தன்ர பாரத்திலயே கரை வரைக்கும் விழணும். மேல் பெரிய நட்டை இறுக்கின பிறகு திரும்பவும் பாருங்க, அது இறுக்கேக்க கீழ இருக்கிறதும் கொஞ்சம் இறுகும், இதை கனபேர் விடுறாங்க.

முன்னுக்குத்தான் உதறுது எண்டுட்டு பின்னுக்கு பாக்காம விடுறதும் பிழை. பின் சில்லை ரெண்டு கையாலயும் பிடிச்சு பக்கவாட்டில ஆட்டுங்க, சில்லு மட்டும் ஆடினா பெயாரிங், அதை தாங்கிற சுவிங் ஆர்மோட சேர்ந்து ஆடினா சுவிங் ஆர்ம் புஷ். செயின் இறுக்கினவர் ரெண்டு பக்க அடையாளத்தையும் சமனா வச்சாரா எண்டு பாருங்க, நூல் ஒண்டை பின் ரயரில இருந்து முன் ரயர் வரைக்கும் பிடிச்சா சில்லு கோணலா நிக்கிறது பளிச்செண்டு தெரியும்.

பாரம் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்ல. விடியப்புறம் மீன் ஏத்தி கிண்ணியா, மூதூர் பக்கம் ஊர் ஊரா போற அண்ணாமார்ட பைக்கை பாருங்க, ஐஸும் மீனுமா பெரிய ரெஜிபோம் பெட்டி பின் அக்சிலுக்கும் பின்னால தொங்கும். அவ்வளவு பாரம் பின்னுக்கு போனா முன் சில்லு நிலத்தில லேசாத்தான் அழுத்தும், 60 தாண்டினா உதறாம என்ன செய்யும். புது ரேசர் போட்டாலும் இது போகாது. பெட்டியை ஒரு சாண் முன்னுக்கு எடுத்து பதிவா கட்டி, பின் ரயருக்கு பாரத்துக்கு உரிய காத்து அடிச்சாலே பாதி குறைஞ்சிடும். பெட்டியில இருந்து வடியிற உப்புத் தண்ணி சுவிங் ஆர்மிலயும் கம்பியிலயும் ஊறுறதால பின்னேரம் சாதாரண தண்ணி ஊத்தி கழுவி விடுங்க.

கழுவுறதெண்டாலும் சேர்விஸ் ஸ்டேசன்ல பிறஷர் தண்ணியை ஹாண்டில் தண்டுக்கும் அக்சிலுக்கும் நேர பிடிக்க விடாதீங்க, கிறீஸ் வெளியில போய் தண்ணி உள்ளுக்கு நிக்கும்.

விழுந்த பைக்குக்கு ஹாண்டிலை மட்டும் நிமித்திட்டு ஓடுறது ஆபத்து. சில நேரம் போர்க் வளையேல்ல, தட்டுக்குள்ள திரும்பி மட்டும் நிக்கும், போல்ட்டுகளை லூசாக்கி நேராக்கி இறுக்கினா சரி. ஆனா குழாயை கழட்டி கண்ணாடித் தட்டில உருட்டேக்க துள்ளினா புதுசுதான் போடணும், அதில காசு பாக்காதீங்க. ஒரு பக்க போர்க் சீல் ஒழுகினா ரெண்டு பக்கமும் மாத்தி, ஒயில் ரெண்டுக்கும் ஒரே அளவா விடணும். ஹாண்டில் ஆட்டத்தை அமத்துற டாம்பர் பூட்டினா உதறல் மறையும் எண்டு சொல்றாங்க, மறையத்தான் செய்யும், தேஞ்சது தேஞ்சபடியே இருக்கும்.

ரோட்டில திடீரெண்டு உதறத் தொடங்கினா எல்லாரும் செய்யிறது ஹாண்டிலை இறுக்கிப் பிடிச்சு முன் பிரேக்கை அமத்துறது, அது ரெண்டுமே உதறலை கூட்டும். முழங்காலால டாங்கை இறுக்கிப் பிடிங்க, உடம்பை முன்னுக்கு சாயுங்க, கையை தளர்வா விடுங்க, அக்சிலேட்டரை மெல்ல மெல்ல குறையுங்க. ரெண்டு கையையும் விட்டு உதறுதா எண்டு ஓடிப் பாக்கிற பழக்கத்தையும் விடுங்க, கந்தளாய் ரோட்டில மாடு எந்தப் பக்கத்தால வரும் எண்டு ஆருக்கும் தெரியாது. திருத்தின பிறகு ஆளில்லாத நேர் ரோட்டில, தனிய, ஹெல்மெட்டோட, 40ல தொடங்கி கொஞ்சம் கொஞ்சமா கூட்டி பாருங்க, புது ரேசர் போட்டதெண்டா சில நூறு கிலோமீற்றர் ஓடின பிறகு அது அமந்து லூசாகும், அப்ப ஒருக்கா சில்லை தூக்கி ஆட்டம் பாத்து திரும்ப செற் பண்ணுங்க.