தண்ணீரை முதலில் எழுதுங்கள்: நீர்வாழ் வேற்றுக்கிரக இனத்தை உருவாக்குவது எப்படி

நீர்வாழ் வேற்றுக்கிரகவாசிகளைக் கதைக்குள் கொண்டுவர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஓர் உருவத்தை வரைந்துவிடுகிறார்கள். மனித உடம்பு, கழுத்தில் செவுள், விரல்களுக்கு நடுவே சவ்வு, பெரிய கறுப்புக் கண்கள். அப்புறம் அந்த உருவத்தை விடுவதற்கு ஒரு கடலைத் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் தண்ணீரை எழுதுங்கள். எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு, எவ்வளவு ஆழம், கையை விட்டால் கை தெரியுமா தெரியாதா, இதையெல்லாம் முடிவு செய்த பிறகு உங்கள் இனத்தின் பாதி உடம்பு தானாக உருவாகியிருக்கும்.

நான் கடலூர்க்காரன். எங்கள் ஊரில் சைக்கிளை எடுத்தால் ஒரே காலைப்பொழுதில் பல விதத் தண்ணீரைப் பார்த்துவிடலாம். தேவனாம்பட்டினத்தில் திறந்த கடல், கொஞ்சம் தெற்கே கெடிலத்தின் முகத்துவாரம், முதுநகர்ப் பக்கம் படகுகள் நிற்கும் உப்பனாறு. பஸ் ஏறினால் பிச்சாவரம், அங்கே சுரபுன்னை வேர்களுக்கு நடுவே தண்ணீர் நகர்கிறதா நிற்கிறதா என்றே சட்டென்று தெரியாது. ஒவ்வொன்றிலும் வேறு மீன், வேறு நண்டு, வேறு பிழைப்பு. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இப்படி என்றால், ஒரு முழுக் கிரகத்துக்கும் 'கடல்' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எப்படிப் போதும்?

நான் எடுத்துக்கொண்டது முகத்துவாரம். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் இறங்கி எல்லாம் செம்மண் நிறமாகிவிடும், சித்திரையில் அதே இடம் உப்புக் கரிக்கும். என் கிரகத்தில் நிலவைப் பெரிதாக்கி அருகில் வைத்தேன். எங்கள் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஆனால் நம் பூமியிலேயே கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது 16 மீட்டர் வரை போகிறது. ஆகவே என் கிரகத்தில் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வதில் எந்தத் தயக்கமும் இல்லை. எப்போதும் கலங்கலாக இருக்கும் அந்தத் தண்ணீரில் வாழ்கிறவர்களுக்கு 'கலங்கர்' என்று பெயர் வைத்தேன். கீழே நான் சொல்வதெல்லாம் அவர்களை உருவாக்கிய வழிதான், நீங்கள் உங்கள் தண்ணீரை வைத்து அதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆழ்கடல் வேண்டும் என்றால் முதலில் ஈர்ப்பு விசையைக் கணக்கில் எடுங்கள். பூமியில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. வியாழனின் நிலவான யூரோப்பாவில் ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, ஆகவே அதே அழுத்தம் கூட அங்கே 75 மீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். பனிக்கட்டி ஓட்டுக்குக் கீழே 100 கிலோமீட்டர் ஆழமான கடல் இருந்தாலும், அடித்தரையின் அழுத்தம் நம் மரியானா அகழியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது அழுத்தத்தைவிட அழுத்த மாற்றத்தைத்தான். ஆழத்திலிருந்து தூண்டிலில் வேகமாக இழுத்த களவா மீனைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள், காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கி நிற்கும். ஆழ்கடல் இனம் ஒன்று மேலே வந்து மனிதர்களைச் சந்திக்கும் காட்சியை எழுதுமுன் அந்தக் களவாவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூச்சு. பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது, ஆனால் அறிவுள்ள ஓர் இனத்துக்கு இதுதான் பெரிய சிக்கல். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஆறேழு மில்லிகிராம்தான் கரைந்திருக்கும், தண்ணீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். மனித மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வெதுவெதுப்பான சேற்றுத் தண்ணீரில் செவுளை மட்டும் நம்பி இப்படி ஒரு மூளையை வளர்ப்பது மிகவும் கடினம். என்ன செய்யலாம்? குளிர்ந்த கடலுக்குக் கொண்டுபோகலாம். வாழ்க்கையை மெதுவாக்கலாம். அல்லது விரால் மாதிரி செய்யலாம். மார்க்கெட்டில் அலுமினியக் குண்டானில் நாலு விரல் தண்ணீரில் விரால் உயிரோடு கிடப்பதற்குக் காரணம் அது மேலே வந்து காற்றை விழுங்குவதுதான், மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். கலங்கர்களுக்கு இதைத்தான் கொடுத்தேன். உடனே ஒரு வழக்கமும் பிறந்துவிட்டது: எவ்வளவு பெரிய சண்டையிலும் மூச்சுக்கு மேலே போகிறவரைத் தடுக்கக் கூடாது, தடுத்தவருக்கு ஊரில் இடமில்லை. உடம்பிலிருந்து சட்டம் இப்படி வரும்போது வாசகர் அதைக் கேள்வி கேட்காமல் நம்புகிறார்.

உப்பையும் மறந்துவிடாதீர்கள். கருவாடு போடும்போது உப்பு மீனிலிருந்து தண்ணீரை இழுப்பதைப் போலக் கடல் ஒவ்வொரு நாளும் உயிருள்ள மீனிடமிருந்தும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது, மீன் கடல்நீரைக் குடித்து உப்பை வெளியே தள்ளிப் பிழைக்கிறது. நன்னீரில் இதற்கு நேர்மாறு. இரண்டிலும் வாழும் உடம்புக்குச் சிறுநீரகமும் செவுளும் இரண்டு வேலை பார்க்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், ஆகவே திடீர் வெள்ளம் என்றால் என் இனத்துக்கு நோய்க்காலம்.

புலன்களுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம். தெளிந்த கடலிலேயே சிவப்பு வெளிச்சம் முதலில் போய்விடும், 200 மீட்டருக்குக் கீழே செடிகொடி வளர வெளிச்சம் போதாது, 1000 மீட்டருக்குக் கீழே சூரியனே கிடையாது. கலங்கலில் ஒரு முழம்கூடத் தெரியாது. ஆகவே கண்ணை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். சின்ன வயதில் உப்பனாற்றில் முங்கிக்கொண்டு விசைப்படகின் சத்தத்தைக் கேட்பேன். சத்தம் தெளிவாக இருக்கும், ஆனால் படகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லவே முடியாது, தலையைத் தூக்கினால்தான் தெரியும். தண்ணீரில் ஒலி வினாடிக்கு 1500 மீட்டர் போகிறது, காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடுவதால் நம் மூளைக்குத் திசை பிடிபடுவதில்லை. உங்கள் இனத்துக்குத் திசை தெரிய வேண்டும் என்றால் ஒலி வாங்கும் உறுப்புகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், அல்லது டால்பின் மாதிரி கீழ்த்தாடை வழியாகக் கேட்க வையுங்கள்.

ஒலி இவ்வளவு தூரம் போவதற்கு ஒரு விலை உண்டு. ரகசியம் பேச முடியாது. நீங்கள் சொல்வதை ஊரே கேட்கும். அப்படியானால் காதலர்கள் எப்படிப் பேசுவார்கள், திருடர்கள் எப்படிப் பேசுவார்கள்? கலங்கர்களுக்குக் கெளுத்தியின் மீசையைக் கொடுத்தேன். கெளுத்திக்குச் சுவை நாக்கில் மட்டும் இல்லை, மீசையிலும் தோலிலும் இருக்கிறது. பல கெளுத்தி இனங்களுக்கு இரையின் உடம்பிலிருந்து வரும் மெல்லிய மின்சாரமும் தெரியும். ஆகவே ஊருக்குச் சொல்வது ஒலியில், இருவருக்குள் சொல்வது மீசையோடு மீசை தொட்டு. பொது மொழியும் அந்தரங்க மொழியும் இரண்டு வேறு இலக்கணம்.

இனி குடும்பம். இங்கே நான் கற்பனை எதுவும் செய்யவில்லை, முதுநகர் துறைமுகத்தில் பார்த்ததை எழுதிக்கொண்டேன். ஒருநாள் விடியற்காலையில் மீன் வாங்கப் போயிருந்தேன், ஏலம் முடிந்து கூடை பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கடல் கெளுத்தியின் முள்ளை ஒடித்துவிட்டு வாயைப் பிளந்தார், உள்ளேயிருந்து கோலிக்குண்டு அளவில் மஞ்சளாக ஏழெட்டு முட்டைகள் சிமெண்ட் தரையில் உருண்டன. "இது ஆம்பள மீனு தம்பி. பொட்ட முட்ட போட்டுட்டுப் போயிடும், இவன்தான் வாயில வச்சிக் காப்பாத்துவான். பொரியற வரிக்கும் ஒண்ணும் திங்க மாட்டான், வயித்தப் பாரு, ஒட்டிக் கிடக்கு" என்றார். உண்மையில் வயிறு காலியாகத்தான் இருந்தது. பல வாரங்கள் பட்டினி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான்: வாய் நிறையப் பிள்ளைகளை வைத்திருக்கிறவன் எப்படிப் பேசுவான்?

பேச மாட்டான். கலங்கர் சமூகத்தில் அப்பாக்களுக்கு ஒரு மௌன காலம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர்களை யாரும் கேள்வி கேட்கக் கூடாது, சாட்சிக்கு அழைக்கக் கூடாது, அவர்களுடைய வேலையை அண்ணன் தம்பி செய்ய வேண்டும். இதோடு கொடுவாவையும் சேர்த்தேன். கொடுவா ஆணாக வளர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். களவாவில் இது நேர்மாறு, பெண்ணாகத் தொடங்கி ஆணாகும். கலங்கர்கள் கொடுவா வழி. ஆகவே அவர்களுடைய ஒவ்வொரு அம்மாவும் ஒரு காலத்தில் மௌனமாக இருந்த அப்பாதான். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரும் கிழவிகள் எல்லோரும் வாயில் பிள்ளை சுமந்தவர்கள். நம் ஆண் பெண் சண்டையை அப்படியே எடுத்துப் போய் அங்கே வைக்க முடியாது, அவர்களுக்கென்று வேறு சண்டை தேட வேண்டும்: மாறாமலே நின்றுவிட்ட ஒரு கிழவனின் கதை, சீக்கிரம் மாறிவிட்ட ஓர் இளைஞனின் கதை.

பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) வைத்து இனம் படைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று இதயம், செம்பு கலந்த நீல ரத்தம், நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில், எல்லாமே அற்புதம்தான். ஆனால் அது பெரும்பாலும் ஓரிரு வருடமே வாழ்கிறது, முட்டை பொரிந்ததும் தாய் செத்துப்போகிறது. கற்றதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நாகரிகம் வேண்டும் என்றால் முதலில் அந்தத் தாயைக் காப்பாற்றுங்கள், அல்லது அவள் தெரிந்துகொண்டதை எங்கே விட்டுப் போகிறாள் என்று கண்டுபிடியுங்கள்.

தண்ணீருக்குள் நெருப்பு கிடையாது, நெருப்பு இல்லாமல் உலோகம் உருக்க முடியாது. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவே என்பார்கள். 1977இல் கலாபகோஸ் அருகே முதன்முதலில் பார்த்த இந்த வகை ஊற்றுகளில் சிலவற்றில் தண்ணீர் 400 டிகிரி வரை போகிறது, ஈயம் உருகும், செம்பும் இரும்பும் உருகாது. மெய்யான பதில் வளர்ப்பதில் இருக்கிறது: சிப்பி ஓட்டைத் தேவையான வடிவத்தில் வளர்த்தல், பாறையில் ஒட்டும் மட்டியின் நூலைத் திரித்தல். ஆனால் முகத்துவாரத்துக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வற்றத்தில் சேற்றுத் தரை வெளியே வருகிறது. பிச்சாவரத்தில் சேற்றின்மேல் துள்ளும் உளுவையைப் பாருங்கள், செவுள் அறையில் தண்ணீரைச் சுமந்துகொண்டு, ஈரத் தோலாலும் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே உலாவுகிறது. என் இனமும் அப்படித்தான் கரையேறிச் சூளை கட்டியது. அவர்களுக்குக் கரைதான் விண்வெளி. ஓதம் திரும்புவதற்குள் வேலையை முடித்துவிட்டு இறங்க வேண்டும், மௌனத்தில் இருக்கும் அப்பாக்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

எழுத்துக்கு மை உதவாது. முதுநகரில் வலை பழுது பார்க்கிறவர்கள் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே, வலையைப் பார்க்காமல் கண் கண்ணாக முடிச்சுப் போடுவார்கள். விரலுக்கே தெரியும். கலங்கர்களின் புத்தகம் ஒரு வலை. முடிச்சு மீசைக்கு, முடிச்சில் தடவிய சாறு சுவைக்கு.

பேரழிவுகளையும் அவர்கள் பக்கமிருந்து யோசியுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கரையில் அத்தனை பேர் போனார்கள், ஆனால் சுனாமி ஆழ்கடலில் ஒரு மீட்டர்கூட உயராத நீண்ட அலைதான், அங்கே படகில் இருக்கிறவருக்குத் தெரியாமலே கடந்து போய்விடும். ஆழத்தில் வாழும் இனத்துக்கு அது ஒரு முணுமுணுப்பு, முகத்துவாரத்தில் வாழும் என் இனத்துக்கு ஊரே இல்லாமல் போவது. ஒரே நாள், ஒரே கடல், இரண்டு வரலாறு.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். நான் எழுதியது இது:

கடைசிக் குஞ்சும் வெளியேறிய பிறகும் அவன் வெகுநேரம் வாயை மூடவில்லை. மேற்கிலிருந்து நன்னீரின் சுவை இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ மீசையைத் தொட்டார்கள், அண்ணன்தான், புகையும் சுட்ட மண்ணும் கசந்தது. 'பேசு' என்றது தொடுகை. அவனுக்கு முதலில் எந்தச் சொல்லும் வரவில்லை.

இதில் 'பார்த்தான்' இல்லை, 'தெரிந்தது' இல்லை, நிறம் இல்லை. உங்கள் முதல் அத்தியாயத்தை எடுத்து, கண்ணைச் சார்ந்த வினைச்சொற்களை எல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். உங்கள் இனத்துக்கு அந்தப் பார்வை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லாததை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒலியோ சுவையோ தொடுகையோ வையுங்கள். படம் வரைய வேண்டும் என்று தோன்றினால் இப்போது வரையலாம். வால் வைக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: சூரை மீனின் வால் பக்கவாட்டில் அடிக்கும், டால்பினின் வால் மேலும் கீழுமாக அடிக்கும், ஏனென்றால் டால்பினின் முன்னோர் நிலத்தில் ஓடிய பாலூட்டிகள். உங்கள் இனம் எந்தப் பக்கம் வாலை வீசுகிறது என்பதை வைத்தே அதன் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று வாசகர் கண்டுபிடித்துவிடலாம்.