செடி சேகரிக்க ஆள் பிடிப்பது எப்படி

தாவரவியல் ஆய்வாளர் ஒருவருக்கு நம் பக்கத்துச் செடிகளைப் பறித்து உலர்த்திக் கொடுக்க உள்ளூர் ஆட்கள் வேண்டுமென்றால், எடுத்த எடுப்பில் கல்லூரிக்குப் போகாதீர்கள். நான் போனேன். பதினைந்து பேர் உற்சாகமாகக் கிளம்பிப்போய் சாயங்காலம் கொண்டுவந்தது தும்பையும் குப்பைமேனியும், அதுவும் பாலித்தீன் பையில் வெந்துபோய்.

தினமும் நடக்கிறவர்களைப் பிடியுங்கள். ஆடு மேய்ப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், ஏரிக்கரையில் நடைபோகும் ஓய்வுபெற்ற வாத்தியார். பென்னாகரம் பக்கம் ஆடு மேய்க்கும் ஓர் அக்காவுக்கு எந்தச் செடியில் ஆடு வாய் வைக்காது, எது மழைக்கு அப்புறம் பத்து நாள் மட்டும் தலைகாட்டும் என்பதெல்லாம் அத்துப்படி. அப்படி நாலைந்து பேர் போதும்.

வாயால் விளக்கினால் மூலிகை வியாபாரம் என்றுதான் நினைப்பார்கள். அதனால் உலர்ந்த செடியை ஒட்டி முடித்த தாள் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி, கோயம்புத்தூரில் மத்திய அரசின் பொட்டானிக்கல் சர்வேயின் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில், இப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள், பறித்தவர் பெயரும் தாளில் ஒட்டும் விவரச் சீட்டில் இருக்கும் என்று சொல்லுங்கள். பெயர் வரும் என்றதும் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது; அந்த அனுமதியை வாங்குவது ஆய்வாளர் வேலை, இவர்கள் தலையில் கட்டாதீர்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வேறு. வரப்பு, ஏரிக்கரை, ரோட்டோரம், சொந்த நிலம், இதிலேயே வேலை நிறைய இருக்கிறது.

பயிற்சிக்கு ஒரு மத்தியானம் போதும். பூவோ காயோ இருக்க வேண்டும், சின்னச் செடியென்றால் வேரோடு, மரமென்றால் ஒரு கிளை. செய்தித்தாளில் விரித்து இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கல்லை ஏற்றிவிடலாம், நம்ம ஊரில் கல்லுக்கா பஞ்சம். முதல் சில நாள் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்க்கவும், கண்வலிக்கிழங்கைத் தோண்டினால் கை கழுவவும் சொல்லிவிடுங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டியது சீட்டுக்குத்தான். "மஞ்சள் பூ, ரோட்டோரம்" என்று எழுதி வந்தால் அந்தத் தாளால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. தேதி, அப்புறம் "பாலக்கோடு ரோடு, ஏரி மதகுக்கு மேற்கே, செம்மண் கரை, இடுப்பு உயரம், கிள்ளினால் பால் வருகிறது, பூ வெளிர் நீலம்", இப்படி வேண்டும். காய்ந்ததும் நிறம் போய்விடும், அதனால் பறித்த இடத்திலேயே எழுதணும். எழுத வராதவர் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பட்டும். ஊர்ப்பெயரைத் திருத்தாதீர்கள். தளி, ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர் ஆவாரையைத் தங்கேடு என்பார், அதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயம். ஆர்வத்தில் வருகிறார்கள்தானே என்று சும்மா அனுப்புவது அநியாயம், வேலையை விட்டு வருகிறவருக்கு அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுங்கள். ஆனால் செடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசிவிடாதீர்கள், இருப்பதையெல்லாம் பிடுங்கி வந்துவிடுவார்கள். நாலைந்து செடிதான் நிற்கிறது என்றால் பறிக்காமல் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

செடியின் பெயரை ஆய்வாளர் கண்டுபிடித்ததும் அதைப் பறித்தவரிடம் கொண்டுபோய்ச் சொல்லணும், தாமதம் வேண்டாம். அந்த அக்கா என்னைப் பார்த்தால் முதலில் கேட்பதே, "போன தடவை கொடுத்தேனே, அதுக்கு என்ன பேருன்னு சொன்னாங்க?"