ஜெபமாலை சொல்றது எப்படி: விரல் மணியில, மனசு இயேசுகிட்ட

பெங்களூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கிற நம்ம பசங்க நிறைய பேர் பையில ஒரு ஜெபமாலை கண்டிப்பா இருக்கும், ஊர்ல இருந்து கிளம்பும்போது அம்மாவோ பாட்டியோ வேளாங்கண்ணியில வாங்கி மந்திரிச்சு, அதாவது சாமியார்கிட்ட ஆசீர்வாதம் பண்ணி, குடுத்திருப்பாங்க, ஆனா சொல்றீங்களான்னு கேட்டா எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னு மறந்துபோச்சுன்னு சொல்றாங்க. இன்னும் சிலர் கல்யாணம் ஆகி கத்தோலிக்க குடும்பத்துக்குள்ள வந்தவங்க, ராத்திரி எல்லாரும் சேர்ந்து வேகமா சொல்றப்போ எந்த இடத்துல சேர்ந்துக்கிறதுன்னு தெரியாம உட்கார்ந்திருப்பாங்க. உங்க ரெண்டு பேருக்காகவும்தான் எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கோங்க. ஜெபமாலைன்னா அருள் நிறைந்த மரியேங்கிற ஜெபத்தை அம்பது தடவை சொல்லி கணக்கு முடிக்கிறது இல்ல. ஒவ்வொரு பத்து மணிக்கும் இயேசுவோட வாழ்க்கையில இருந்து ஒரு நிகழ்ச்சி இருக்கு, அதைத்தான் தேவ ரகசியம்னு சொல்றோம், அந்த நிகழ்ச்சிக்குள்ள மாதாவோட போய் கொஞ்ச நேரம் இருக்கிறதுதான் இந்த ஜெபமே. வாய் சொல்லிக்கிட்டிருக்கும், விரல் நகர்ந்துக்கிட்டிருக்கும், மனசு பெத்லகேம்லயோ கல்வாரியிலயோ இருக்கணும். சிவாஜிநகர் மாதா கோயில் பக்கத்துல பூ கட்டுறவங்களை பாருங்க, விரல் தானா முடிச்சு போட்டுக்கிட்டே இருக்கும், கவனம் முழுக்க எதிர்ல பேசுறவங்க மேலதான் இருக்கும், அந்த மாதிரிதான் இதுவும். தியானம் இல்லாத ஜெபமாலை உயிர் இல்லாத உடம்புன்னு போப் ஆறாம் பவுல் 1974ல எழுதின மடல்ல சொல்லியிருக்கார், அதை நான் ரொம்ப நம்புறேன்.

சரி, இப்போ மாலைய கையில எடுங்க. மொத்தம் 59 மணி, அதுல 53 சின்னது 6 பெரியது, கூடவே ஒரு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவை. சிலுவையில இருந்து மேல போற வாலுல ஒரு பெரிய மணி, மூணு சின்ன மணி, திரும்ப ஒரு பெரிய மணி, அப்புறம் மாதா படம் போட்ட பதக்கம், அங்க இருந்து வட்டம் ஆரம்பிக்குது, வட்டத்துல பத்து பத்தா அஞ்சு தொகுதி, ரெண்டு பத்துக்கு நடுவுல ஒரு பெரிய மணி. நம்ம ஊர் பெரியவங்க 53 மணி ஜெபம்னு சொல்றது இந்த சின்ன மணி கணக்கைத்தான், 153 மணின்னு சொன்னா சந்தோஷம், துக்கம், மகிமைன்னு பழைய மூணு வகை தேவ ரகசியத்தையும் ஒரே மூச்சா சொல்றது, 150ம் முன்னாடி வர்ற அந்த மூணும். அந்த 150க்கு பின்னாடி விவிலியத்துல இருக்கிற 150 சங்கீதம், அதாவது திருப்பாடல், இருக்கு, துறவிகள் மடத்துல சங்கீதம் பாடுவாங்க, படிக்க தெரியாத சனங்க அதுக்கு பதிலா எண்ணி எண்ணி ஜெபம் சொன்னாங்க, அப்படி கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து வந்ததுக்கு 1569ல போப் அஞ்சாம் பத்திநாதர் ஒரு ஒழுங்கான வடிவம் குடுத்தார்.

சிலுவைய பிடிச்சு நெத்தியில இருந்து சிலுவை அடையாளம் போட்டுட்டு, நாம எதை நம்புறோம்னு அறிக்கையிடுற விசுவாசப் பிரமாணம் சொல்லுங்க. முதல் பெரிய மணியில பரலோக மந்திரம், இப்போ புது மொழிபெயர்ப்புல விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையேன்னு வரும். அடுத்த மூணு சின்ன மணியில மூணு அருள் நிறைந்த மரியே. தமிழ்ல சொல்றவங்க இந்த மூணுக்கும் முன்னாடி ஒரு சின்ன வரி சேர்ப்பாங்க, பிதாவுக்கு மகளா இருக்கிற மரியாயே, சுதனுக்கு தாயா இருக்கிற மரியாயே, பரிசுத்த ஆவிக்கு பிரியமுள்ளவளா இருக்கிற மரியாயேன்னு, விசுவாசம் நம்பிக்கை அன்பு இந்த மூணு புண்ணியமும் எங்களுக்குள்ள வளரணும்னு கேட்டு. எனக்கு ஜெபமாலையிலயே ரொம்ப பிடிச்ச இடம் அது, அந்த வரிய அவசரப்படாம சொல்லுங்க. மூணும் முடிஞ்சதும் தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் மகிமை உண்டாவதாகன்னு திரித்துவ துதி.

அப்புறம் முதல் தேவ ரகசியத்தோட பேரை சொல்லிட்டு பதக்கத்துக்கு முன்னாடி இருக்கிற பெரிய மணியில பரலோக மந்திரம், வட்டத்துல பத்து மணிக்கு பத்து அருள் நிறைந்த மரியே, பத்து முடிஞ்சதும் திரித்துவ துதி, அதோட ஓ என் இயேசுவே எங்கள் பாவங்களை மன்னியும்ங்கிற சின்ன ஜெபம். இந்த சின்ன ஜெபம் 1917 ஜூலைல போர்ச்சுகல் நாட்டு பாத்திமா ஊர்ல மாதா மூணு பிள்ளைங்களுக்கு காட்சி குடுத்தப்போ சொல்லிக்குடுத்தது. அடுத்த பெரிய மணிக்கு வாங்க, ரெண்டாவது ரகசியம், அதே வரிசை. அஞ்சு தடவை, அவ்வளவுதான். கடைசியில மாதாவை அரசியேன்னு வாழ்த்துற கிருபை தயாபத்து மந்திரம், நேரம் இருந்தா மாதாவோட பட்டங்களை ஒவ்வொண்ணா சொல்லி வேண்டுற மாதா மன்றாட்டு மாலை. நம்ம தமிழ் வழக்கத்துல இதுக்கு நடுவுல ஒரு அழகான ஒப்புக்கொடுத்தல் வரும், அதிதூதரான மிக்கேலே, கபிரியேலே, இரஃபேலேன்னு கூப்பிட்டு, நாங்கள் எத்தனை பாவிகளா இருந்தாலும் இந்த 53 மணி ஜெபத்தை உங்க துதியோட சேர்த்து மாதா பாதத்துல காணிக்கையா வையுங்கன்னு கேக்குறது, வீட்ல பெரியவங்களுக்கு மனப்பாடமா தெரியும், போன் போட்டு சொல்ல சொல்லி எழுதி வச்சுக்கோங்க.

முக்கியமான ஜெபத்தை மட்டும் முழுசா எழுதிடுறேன்: "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே, பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே, உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே. புனித மரியே, இறைவனின் தாயே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும். ஆமென்." பாட்டி அர்ச்சிஷ்ட மரியாயே சர்வேசுரனுடைய மாதாவேன்னு சொன்னா அதுவும் இதேதான், யாரும் யாரையும் திருத்த வேண்டாம்.

மாதாவையே கும்பிடுறீங்களான்னு ஆபீஸ்ல ரூம்ல யாராவது கேப்பாங்க, பெந்தேகோஸ்தே நண்பர்கள் அக்கறையாவே கேப்பாங்க, கோவப்பட வேண்டாம். இந்த ஜெபத்தோட முதல் பாதிய பாருங்க, லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்துல 28ம் வசனம் கபிரியேல் தூதர் சொன்னது, 42ம் வசனம் எலிசபெத்து சொன்னது, நடுவுல இருக்கிறது இயேசுவோட பேர். ரெண்டாவது பாதியில நாம கேக்குறது ஒண்ணே ஒண்ணு, எங்களுக்காக வேண்டிக்கோங்கன்னு. கூட இருக்கிற அக்காகிட்ட எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேக்குறோமே அதையேதான் தாய்கிட்டயும் கேக்குறோம். ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், இதுல திருச்சபைக்கு எந்த குழப்பமும் இல்ல.

எந்த கிழமை எந்த ரகசியம்ங்கிறது அடுத்தது. திங்களும் சனியும் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. இந்த ஒளியின் ரகசியங்கள் 2002 அக்டோபர்ல போப் இரண்டாம் ஜான் பால் சேர்த்தது, அதனால வீட்ல இருக்கிற பழைய ஜெப புத்தகத்துல அது இருக்காது, வியாழனுக்கு சந்தோஷம்னும் சனிக்கு மகிமைன்னும் போட்டிருக்கும், குழம்பிடாதீங்க. விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை போறவங்க கூட்டத்துல நிக்கிற நேரத்துல ஒளியின் ரகசியத்தை சொல்லிப்பாருங்க, அஞ்சுமே இயேசு ஊர் ஊரா போன காலத்துல நடந்தது, யோர்தான்ல ஞானஸ்நானம், கானாவூர் கல்யாணம், இறையாட்சி அறிவிச்சது, மலையில உருமாறினது, கடைசி ராத்திரி நற்கருணையை குடுத்தது.

மத்ததும் சொல்லிடுறேன். சந்தோஷத்துல தூதர் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்னது, மாதா எலிசபெத்தம்மாவை பாக்க போனது, இயேசு பிறந்தது, கோயில்ல காணிக்கையா குடுத்தது, காணாம போனவரை கோயில்ல கண்டுபிடிச்சது. துக்கத்துல தோட்டத்துல ரத்த வேர்வை, கல்தூண்ல கட்டி அடிச்சது, முள்முடி, சிலுவை சுமந்தது, சிலுவையில உயிர்விட்டது. மகிமையில உயிர்ப்பு, விண்ணேற்றம், பரிசுத்த ஆவி இறங்கினது, மாதாவை உடலோடயும் ஆன்மாவோடயும் பரலோகத்துக்கு எடுத்துக்கிட்டது, மாதாவுக்கு முடிசூட்டினது.

இதெல்லாம் போன்ல தேடினா ஒரு நிமிஷத்துல கிடைக்கும், எப்படி தியானிக்கிறதுங்கிறதுதான் யாரும் சொல்லித்தர்றதில்ல. பெருசா ஒண்ணும் வேண்டாம், ஒவ்வொரு ரகசியத்துலயும் ஒரே ஒரு சின்ன விஷயத்தை பிடிச்சுக்கோங்க. காணிக்கை ரகசியத்துல யோசேப்பும் மரியாவும் கொண்டுபோனது ஒரு ஜோடி புறா, ஆட்டுக்குட்டி வாங்க வசதி இல்லாத ஏழைங்களுக்குத்தான் சட்டத்துல புறா காணிக்கை, அந்த புறாவை கையில வச்சுக்கிட்டு கோயில் படி ஏறுற ஒரு சின்ன குடும்பத்தை பத்து மணி முடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருங்க. மாசக்கடைசில வாடகைய நினைச்சு கலங்குறவங்களுக்கு அந்த பத்து மணி வேற மாதிரி கேக்கும். எலிசபெத்தம்மாவை பாக்க போனதுல, மாதாவே கர்ப்பமா இருந்துக்கிட்டு மலைநாட்டுக்கு போய் மூணு மாசம் போல கூட இருந்தாங்க, நமக்காக யாரு அப்படி வந்து இருந்தாங்கன்னு நினைங்க, பேரு சொல்லி அவங்களுக்காக வேண்டிக்கோங்க. பன்னெண்டு வயசுல காணாம போனவரை மூணு நாள் தேடினாங்க, பிள்ளை எங்க இருக்கான் என்ன பண்றான்னு தெரியாம ஊர்ல தவிக்கிற அம்மா அப்பாவுக்கு அந்த ரகசியத்தை ஒப்புக்குடுங்க. கானாவூர் கல்யாணத்துல திராட்சை ரசம் தீர்ந்துபோச்சுன்னு மாதா ஒரு வரிதான் சொன்னாங்க, தீர்வு என்னன்னு இயேசுவுக்கு சொல்லித்தரல, வேலைக்காரங்ககிட்ட அவர் சொல்றதை செய்யுங்கன்னாங்க, ஆறு கல்ஜாடியும் நிறைஞ்சுது. வேலை போயிருக்கா, விசா வரலையா, அதை ஒரு வரியில சொல்லிட்டு அந்த பத்தை ஆரம்பிங்க.

மனசு அலையும். பத்து மணிக்குள்ள நாலு தடவை ஆபீஸுக்கு போயிட்டு வரும், எல்லாருக்கும் அப்படித்தான், மணிய பிடிச்சிருக்கிற விரலை கவனிச்சு திரும்ப வாங்க, முதல்ல இருந்து சொல்லணும்னு அவசியமே இல்ல. எத்தனை சொன்னோம்னு பயப்படவும் வேண்டாம், மணி இருக்கிறதே அதுக்குத்தான்.

நேரம் இல்லங்கிறவங்களுக்கு என்னோட உறுதியான கருத்து, அஞ்சு பத்தும் சொல்ல முடியலன்னு ஒண்ணுமே சொல்லாம விடாதீங்க. முழுசா சொல்ல இருபது நிமிஷம் போல ஆகும், ஒரு பத்து மட்டும்னா நாலு நிமிஷம். ஒயிட்ஃபீல்டுல இருந்து பர்ப்பிள் லைன் மெட்ரோவுல மெஜஸ்டிக் வர்றவங்களுக்கு முழு ஜெபமாலையும் சொல்லி மன்றாட்டு மாலைக்கும் நேரம் மிச்சம் இருக்கும். சில்க் போர்டு சிக்னல்ல பஸ்ல நிக்கிறவங்க பாக்கெட்டுக்குள்ள விரல் மோதிர ஜெபமாலை, பத்து சின்ன குமிழ் இருக்குமே அதை வச்சு சொல்லலாம், அதுவும் இல்லன்னா பத்து விரல் இருக்கு. வண்டி ஓட்டிக்கிட்டு மட்டும் கையில மாலைய வச்சு சொல்லாதீங்க, வாயால சொன்னா போதும்.

பெங்களூருல இன்னொரு கேள்வி வரும், ஒரே வீட்ல அப்பா தமிழ் அம்மா கன்னடம் மருமக மலையாளம் பேரப்பிள்ளைக்கு இங்கிலீஷ்தான் வருதுன்னா எந்த பாஷையில சொல்றது. சுலபம். முன்பாதி நடத்துறவர் அவர் பாஷையில சொல்லட்டும், பின்பாதி அவங்கவங்க பாஷையில ஒண்ணா சொல்லட்டும், ஒவ்வொரு பத்தையும் வேற வேற ஆள் நடத்துங்க. முதல் நாள் கொஞ்சம் சத்தமா குழப்பமா இருக்கும், பரவாயில்ல. சின்ன பிள்ளைங்களுக்கு ஒரு பத்து போதும், ரகசியத்தோட பேரை அவங்களையே சொல்ல விடுங்க, தூங்கினா தூங்கட்டும், அதட்டி எழுப்பாதீங்க.

அக்டோபர் ஜெபமாலை மாசம், 7ம் தேதி ஜெபமாலை மாதா திருநாள், 1571ல அதே தேதியில நடந்த லெபாந்தோ கடற்போர்ல கிறிஸ்தவ படை ஜெயிச்சதுக்கு நன்றியா ஆரம்பிச்சது. அந்த மாசம் நம்ம பங்குகள்ல மாதா சுரூபம் வீடு வீடா வரும். உங்க வீட்டு முறை வந்துச்சுன்னா பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம், ஒரு ஸ்டூல், சுத்தமான துணி, மெழுகுவத்தி, ஒரு முழம் பூ, வர்றவங்க உட்கார பாய். சுண்டலோ டீயோ குடுக்கலாம், ஆனா பக்கத்து வீட்டை விட பெருசா செய்யணும்னு கடன் வாங்குறவங்களை பாத்திருக்கேன், அது ஜெபமாலைக்கு சம்பந்தமே இல்லாத பாரம். செவ்வாய்க்கிழமை வந்தா துக்க ரகசியம் சொல்லணுமான்னு தயங்காதீங்க, கிழமைப்படியே சொல்லுங்க. ஜெபத்துக்கு முன்னாடி உங்க வீட்டு கருத்தை ரெண்டே வரியில சொல்லிடுங்க, யாருக்கு உடம்பு சரியில்ல, யாருக்கு பரீட்சை, இறந்தவங்க யாரு, வந்திருக்கிற எல்லாரும் அதுக்காக சேர்ந்து வேண்டுவாங்க. பக்கத்து ஃபிளாட்ல இருக்கிற இந்து முஸ்லிம் குடும்பங்களையும் கூப்பிடுங்க, வந்தா உட்கார இடம் குடுங்க, கூட சொல்லணும்னு யாரையும் வற்புறுத்தாதீங்க.

மாலை அறுந்துபோச்சுன்னா அபசகுனம்னு நினைக்க வேண்டாம், கம்பிய முறுக்கி சரி பண்ணி தொடர்ந்து சொல்லுங்க. சரி பண்ணவே முடியாத அளவு உடைஞ்சு போனா, மந்திரிச்ச பொருள்ங்கிறதால குப்பையில போடக்கூடாது, மண்ணுல புதைக்கணும் இல்லன்னா எரிக்கணும். புதுசு வாங்கினா பூசை முடிஞ்சதும் சாமியார்கிட்ட குடுத்து மந்திரிச்சுக்கோங்க, அதுக்கு காசு எதுவும் கிடையாது.