பழைய படத்தில் இருப்பது எந்த விமானம்? பெயர் சொல்லும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்று கைக்கு வந்ததும் மனசு முதலில் தேடுவது பெயரைத்தான். இரண்டு அடுக்கு இறக்கை, திறந்த இருக்கை என்றால் டைகர் மாத் என்ற பிரிட்டிஷ் பயிற்சி விமானம். ஒடுங்கிய உடலும் ஜெர்மன் சிலுவையும் தெரிந்தால் மெசர்ஸ்மிட் 109 என்ற போர்விமானம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. ஒரு பெயர் மனசில் விழுந்துவிட்டால், கண் அதற்குப் பின் அந்தப் பெயருக்கு ஒத்துவரும் அடையாளங்களை மட்டுமே பொறுக்கும். ஒத்துவராததை "நிழலாக இருக்கும்" என்று தள்ளிவிடும். அரிய விமானங்கள் தொலைந்துபோவது இப்படித்தான். ஒன்றோ இரண்டோ மட்டும் கட்டப்பட்ட விமானம், ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட பிரபலத்தின் பெயரில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும்.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டுவது அடுத்த தவறு. பிரிட்டிஷ் விமான நிறுவனமான டி ஹாவிலண்டின் மாத் குடும்பத்தையே பாருங்கள். ஜிப்ஸி மாத்தின் மூக்கில் இன்ஜின் நேராக நிற்கும். சிலிண்டர்கள் மேல்மூடிக்கு வெளியே தலைநீட்டும். 1931-ல் முதலில் பறந்த டைகர் மாத்தில் இன்ஜின் தலைகீழாக, சிலிண்டர்கள் கீழ்நோக்கி இருக்கும். அதனால் மூக்கின் மேற்பக்கம் வழவழப்பாகச் சரியும். "தலைகீழ் இன்ஜின், அப்படியானால் டைகர்" என்று நிறுத்திவிட்டால் அதே குடும்பத்து மாத் மேஜரும் டைகர் என்றே சிக்கிக்கொள்ளும், ஏனென்றால் அதற்கும் தலைகீழ் இன்ஜின்தான். இறக்கையைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். மாத் மேஜரின் இறக்கைகள் நேராக இருக்கும். டைகரின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியே குதிக்க வழிவேண்டும் என்று மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். அப்போது சமநிலை கெடாமலிருக்கத்தான் அந்தச் சாய்வு. ஒரு வடிவம் ஏன் வந்தது என்று தெரிந்தால் அதை மறக்கவே முடியாது. அடையாளங்களை மனப்பாடம் செய்வதைவிட இப்படிக் காரணத்தோடு கற்பதையே நான் யாருக்கும் சொல்வேன்.

நிறத்தில் ஏமாறுபவர்கள் இன்னும் அதிகம். அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும், மஞ்சள்கூடக் கருமையாகவே தெரியும். முதல் உலகப் போர்க்கால விமானங்களில் நாட்டைக் காட்டும் வட்டச் சின்னங்களில் இது பெரிய குழப்பம். பிரிட்டிஷ் சின்னத்தில் வெளிவளையம் நீலம், நடுப்புள்ளி சிவப்பு. பிரெஞ்சுச் சின்னத்தில் அப்படியே மாறி இருக்கும். நீலம்தான் அடர்த்தியான நிறம் என்ற நினைப்பில் படத்தைப் பார்த்தால், கருத்த வெளிவளையத்தை நீலம் என்று எடுத்துக்கொண்டு பிரெஞ்சு விமானத்தைப் பிரிட்டனுக்குக் கொடுத்துவிடுவீர்கள். முதலில் எந்த வகை ஃபிலிம் என்று யோசியுங்கள். நிறம் உறுதியாகத் தெரிந்த கொடி ஏதாவது அதே படத்தில் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்களும் நிறைய உண்டு. எழுத்து தெரிந்தால் உடனே பிடித்துவிடலாம். எழுத்து இல்லாவிட்டால், பக்கத்தில் நிற்கும் ஆண்களின் கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் மூடுகிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் கதவு, விமானத்தின் இடப்பக்கம்தான். மெசர்ஸ்மிட் 109-ன் மூக்கில் துருத்தி நிற்கும் காற்றுவாயும் இடப்பக்கம்தான். இவை விமானத்தின் வலப்பக்கம் தெரிந்தால் படம் இடவலமாக மாறியிருக்கிறது.

படத்தின் கீழே எழுதியிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1940-ல் ஜெர்மனி ஹெய்ன்கெல் 100 விமானங்கள் சிலவற்றுக்கு வெவ்வேறு படைப்பிரிவுச் சின்னங்களை மாற்றி மாற்றிப் பூசிப் படமெடுத்து, "ஹெய்ன்கெல் 113" என்ற புதிய போர்விமானம் படையில் சேர்ந்துவிட்டதாகப் பரப்பியது. அப்படியொரு விமானமே கிடையாது. ஆனாலும் வானத்தில் அதை எதிர்கொண்டதாகப் பிரிட்டிஷ் விமானிகளே அறிக்கை கொடுத்தார்கள். போர்க்காலத் தணிக்கையாளர்கள் படங்களில் ஆன்டெனாவையும் வரிசை எண்ணையும் அழித்த வழக்கமும் உண்டு. ஆகவே படத்தில் ஒன்று இல்லை என்பதாலேயே விமானத்திலும் அது இல்லை என்று ஆகாது.

பதிவு எழுத்துகள் பெரிய உதவி, ஆனால் அவற்றைத் தப்பாகவும் படிக்கலாம். பிரிட்டிஷ் சிவில் விமானங்களில் ஜி-இஏஏஏ என்று தொடங்கிய வரிசை 1919-ல் வந்தது; 1928-ல் ஜி-ஏஏஏஏ-வுக்கு மாறினார்கள். ஜி-இ என்று பார்த்ததும் "படம் 1928-க்கு முன் எடுத்தது" என்று எழுதிவிடாதீர்கள். அது விமானத்தைப் பதிவு செய்த காலம். படம் பல வருஷம் கழித்தும் எடுத்திருக்கலாம்.

பிற நாட்டு நகல்களை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஸ்பெயினில் கட்டிய மெசர்ஸ்மிட் 109-களில் கடைசி வகையான புச்சோனுக்கு மெர்லின் என்ற பிரிட்டிஷ் இன்ஜின் பொருத்தினார்கள். 1960களின் கடைசியில் ஒரு போர்ப்படப் படப்பிடிப்புக்காக அவற்றில் ஜெர்மன் சின்னம் பூசினார்கள். அந்தப் படங்கள் இன்றும் 1940-ன் நிஜப் படங்களாகச் சுற்றுகின்றன. பிரித்தறிய மூக்கைப் பாருங்கள். ஜெர்மன் இன்ஜின் தலைகீழானது என்பதால் புகைக்குழாய் வரிசை கீழே இருக்கும். மெர்லினில் அது மேலே ஏறியிருக்கும், மூக்கின் அடிப்பகுதியும் முகவாய்போலத் தொங்கும். அமெரிக்கப் பயணிகள் விமானமான டி.சி.-3-க்கும் இப்படி ஜப்பானிலும் சோவியத்திலும் உடன்பிறப்புகள் உண்டு. சோவியத் லி-2-க்குப் பயணிகள் கதவு வலப்பக்கம். ஆனால் அமெரிக்காவின் ஆரம்பகால டி.சி.-3 சிலவற்றிலும் கதவு வலப்பக்கம்தான்; அதனால் கதவை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

படத்தேடல் செயலிகள் பிரபல முகத்தைத்தான் முதலில் நீட்டும். அவை தரும் பெயரை நீங்கள் கண்டுபிடித்ததாக எழுதாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விடை கிடைக்காத படத்துக்கு "மாத் குடும்பம், தலைகீழ் இன்ஜின், நேர் இறக்கை" என்று தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதி வையுங்கள். ஓரங்களை வெட்டாமல், பெரிய அளவில், பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ பின்பக்கத்தில்தான் இருக்கும். ஓரத்தில் பாதி தெரியும் இன்னொரு விமானத்தின் வால், எந்த நாடு, எந்த வருஷம் என்பதைச் சொல்லிவிடலாம்.