ஒரே மடிக்கணினியில் இரண்டு பணிசெயல் முறைமைகள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர்கள், வீட்டிலுள்ள ஒரே மடிக்கணினியின் விண்டோஸை இழந்துவிடுவோமோ என அஞ்சி லினக்ஸ் என்னும் இன்னொரு பணிசெயல் முறைமையைத் தொடாமல் இருக்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளை நிறுவினால், விண்டோஸின் ஒரு சாளரத்துக்குள்ளேயே லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் தனிக் கணினியைப் போல இயங்கும். கோப்புறை எதையும் இரண்டுக்கும் பொதுவாகப் பகிராதவரை, உள்ளே எதை அழித்தாலும் வெளியிலுள்ள உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும்.

மின்ட்டின் இலகுவான எக்ஸ்எப்சிஈ பதிப்பே ஏறத்தாழ 3 ஜிபி அளவுடையது என்பதால், ஒருவர் பதிவிறக்கிப் பென்டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுப்பது டேட்டாச் செலவை மிச்சப்படுத்தும். 8 ஜிபி ரம் உள்ள கணினியில் மின்ட்டுக்கு 3 அல்லது 4 ஜிபிக்கு மேல் ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால் விண்டோஸே திணறும். வேர்ச்சுவல்பொக்ஸில் 64 பிட் தெரிவு தோன்றாவிட்டால், பெரும்பாலும் பயோஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளில்) மெய்நிகராக்க வசதி, அதாவது ஒரு கணினிக்குள் இன்னொன்றை இயக்க உதவும் வசதி, முடக்கப்பட்டிருக்கும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதுதான்: பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் மின்ட்டின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ‘ஸ்னாப்ஷொட்’ ஒன்றை எடுத்து வையுங்கள், பிழை நேர்ந்தால் சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். மின்சாரம் தடைப்பட்டு மின்கலமும் குறைந்துவரும் வேளையில், சாளரத்தை மூடும்போது நிலையைச் சேமிக்கும் தெரிவை அழுத்தினால், விட்ட இடத்திலிருந்தே மறுநாள் தொடரலாம்.