பழைய கம்ப்யூட்டருக்கு சிங்கிள் கோரா, டூயல் கோரா? ப்ராசஸர் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் இருப்பது பென்டியம் 4 கம்ப்யூட்டர். அப்பச்சி கட்டிவைத்திருந்த இசைகுடிமானம் (எங்கள் பக்கத்துக் கல்யாண ஒப்பந்த ஏடு), மொய்ப்பண ஏடு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சிங்கப்பூர்ச் சித்தப்பாவுக்கு அனுப்பத் தொடங்கியதும் அது திணற ஆரம்பித்தது. ஸ்கேனர் ஓடும்போது பிரவுசரைத் திறந்தால் மவுஸ்கூட நகராது. ப்ராசஸரை மட்டும் மாற்றினேன், இப்போது இரண்டு வேலையும் சேர்ந்தே ஓடுகின்றன. அதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேபினெட்டைத் திறக்கவும் கேபிள்களைக் கழற்றி மாட்டவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், டூயல் கோர் வேண்டுமா என்று பாருங்கள். கோர் என்பது ப்ராசஸருக்குள் வேலையைச் செய்யும் பகுதி; சிங்கிள் கோரில் அது ஒன்று, டூயல் கோரில் இரண்டு. பந்தியில் இரண்டு பேர் பரிமாறினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் சோறு விழாத இலையில் சாம்பார் ஊற்ற முடியாது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்கிற வேலைகளை இரண்டு கோரும் பங்கு போட்டுக்கொள்ளாது. கடிதம் தட்டச்சு, கடைக் கணக்கு, விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும் ஏதோ ஒரு பழைய சாஃப்ட்வேர், இவ்வளவுதான் வேலை என்றால் சிங்கிள் கோரே போதும், காசைச் செலவழிக்காதீர்கள். வீடியோ கால், பிரவுசரில் நாலைந்து டேப், பின்னால் ஆன்டிவைரஸ் என்று ஒரே நேரத்தில் பல வேலை நடந்தால் டூயல் கோர் கட்டாயம். ரேம் 1 ஜிபிதான் என்றால் முதலில் அதைக் கூட்டுங்கள். ரேம் பற்றாமல் ஹார்ட் டிஸ்க் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் எந்த ப்ராசஸர் போட்டும் பலனில்லை.

அடுத்து, உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு நான் நம்புவது சிபியு-இஸட் என்கிற சாஃப்ட்வேரை மட்டும்தான். இலவசம், சின்னது, வேண்டாத எதையும் கூடவே இழுத்து வராது. டாஸ்க் மேனேஜரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கோரை இரண்டுபோலக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங் உள்ள பென்டியம் 4-இல் அது இரண்டு கட்டங்கள் காட்டும், ஆனால் இருப்பது ஒரே கோர். சிபியு-இஸட்டின் முதல் பக்கத்தில் கீழே கோர்ஸ் 1, த்ரெட்ஸ் 2 என்று இருந்தால் உங்களுடையது சிங்கிள் கோர்தான்.

அதே பக்கத்தில் சாக்கெட்டையும், அதாவது போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்தின் வகையையும் பாருங்கள். 478 என்றால் டூயல் கோர் ஆசையை விட்டுவிடலாம். 775 என்றால் மேலே படிக்கலாம். ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு 754-இல் வழியில்லை, 939, ஏஎம்2 இரண்டுக்கும் அத்லான் 64 எக்ஸ்2 என்கிற டூயல் கோர் உண்டு.

இனி வருவதுதான் என்னை அதிகம் அலைக்கழித்த இடம். சாக்கெட் பொருந்தினால் ப்ராசஸர் ஓடிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஓடாது. 775 சாக்கெட் 2004-இல் வந்தது. அதில் பென்டியம் 4, டூயல் கோர்களான பென்டியம் டி, கோர் 2 டுவோ எல்லாம் உட்காரும், ஆனால் எது உயிர்பெறும் என்பதை மதர்போர்டுதான் தீர்மானிக்கும். போர்டில் ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்செட் 915 என்றால் டூயல் கோர் கிடையாது. 945 என்றால் போர்டைப் பொறுத்தது. 2006-இல் வந்த கோர் 2 டுவோவுக்குத் தேவையான மின்சுற்று, ஆரம்பகால 945 போர்டுகள் பலவற்றில் இல்லை. ஜி31, ஜி41 என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

அதனால் போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு (ப்ராசஸர்) சப்போர்ட் பட்டியலைத் தேடுங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது, ரிவிஷன் எண்ணும் வேண்டும். அது போர்டின் மேலேயே, பெரும்பாலும் ஓரத்தில், சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் போர்டில் அந்த எழுத்து முற்றத்துத் தூசிக்கு அடியில் இருந்தது, பிரஷ்ஷால் தட்டிய பிறகே தெரிந்தது. பட்டியலில் ஒவ்வொரு ப்ராசஸருக்கு நேராகவும் குறைந்தபட்ச பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் சாஃப்ட்வேர்) வெர்ஷன் போட்டிருக்கும். உங்களுடையது அதைவிடப் பழையது என்றால் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். புதியதை மாட்டிய பிறகு திரையே வராமல் போகலாம், அப்புறம் எதை வைத்து அப்டேட் செய்வது? யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. பாதியில் கரண்ட் போனால் போர்டே போச்சு.

எதை வாங்கலாம்? பட்டியலில் இருந்தாலும் பென்டியம் டி வேண்டாம். அதுவும் டூயல் கோர்தான், ஆனால் 95 வாட், சில மாடல்கள் 130 வாட். சித்திரை வெயிலில் நம் ஊரில் அதன் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது. கோர் 2 டுவோ இ6300 வெறும் 65 வாட். 1.86 ஜிகாஹெர்ட்ஸ்தானா என்று தயங்காதீர்கள், 3 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐவிட அது வேகம். போர்டு 1333 பஸ்ஸை (ப்ராசஸரும் போர்டும் பேசிக்கொள்ளும் வேகம்) தாங்கினால் இ8400 வாங்குங்கள், 3 ஜிகாஹெர்ட்ஸ், 6 எம்பி கேஷ், அதுவும் 65 வாட்தான். இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

மாட்டும்போது: 775-இல் ஊசிகள் ப்ராசஸரில் அல்ல, போர்டில் இருக்கும். விரல் படக்கூடாது. ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, நடுவில் புதிதாக ஒரு சொட்டு. கூலரின் நாலு கால்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால் கால் கழலும், எனவே அழுத்தும் முன் அது பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். போர்டைத் திருப்பி, நாலும் வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று பிடிக்காவிட்டாலும் சூடு ஏறி மெஷின் அணைந்துவிடும்.

அப்டேட்: படித்துவிட்டு மாற்றிய சிலருக்கு ஒரே கோர்தான் தெரிகிறதாம். எக்ஸ்பி என்றால் டிவைஸ் மேனேஜரில் கம்ப்யூட்டர் என்பதைத் திறந்து பாருங்கள். ஏசிபிஐ யூனிப்ராசஸர் பிசி என்று இருந்தால் டிரைவர் அப்டேட் வழியாக ஏசிபிஐ மல்டிப்ராசஸர் பிசி என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் 7 என்றால் எம்எஸ்கான்ஃபிக்கில் பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், ப்ராசஸர் எண்ணிக்கை 1 என்று டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு அப்டேட்: இரண்டு சாக்கெட் உள்ள பழைய சர்வர் போர்டு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டார். வீட்டுக்கு வேண்டாம். மின்சாரம் அதிகம் இழுக்கும், தனி வகை ரேம் கேட்கும். போதாததற்கு எக்ஸ்பி ஹோம் எடிஷன் ஒரு சாக்கெட்டை மட்டுமே ஏற்கும், புரொஃபஷனல்தான் இரண்டை ஏற்கும். ஒரே சாக்கெட்டில் இருக்கும் இரண்டு கோருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஹோம் எடிஷனிலும் இரண்டும் வேலை செய்யும்.